கண்டக்டர் சந்தானத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

(பெங்களூர் ஜீவனஹள்ளி நண்பர்கள் மன்றத்தின் பொங்கல் விழாவில், 2004 ஜனவரி 18, ஞாயிறு காலை, மாநகரப் பேருந்து ஓட்டுநர் அப்பாதுரை ஆற்றிய பாராட்டுரை)

எங்கள் கரவொலிக்கும் கூச்சலுக்கும் நடுவே கலங்காமல் அமர்ந்திருக்கும் தலைவர், முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் சத்தத்திலேயே பழகிப்போன முன்னாள் தலைமையாசிரியர் சுப்ரமணியன் அய்யா அவர்களே! முன்வரிசை முழுவதையும் முற்றுகையிட்டு, பின்வரிசையில் ஆண்களை நிற்க வைத்திருக்கும் என் தாய்மார்களே! தலை நரைத்தும் தமிழ் நரைக்காத பெரியவர்களே! ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் துறந்து வந்திருக்கும் கணினித் துறைத் தம்பிகளே, தங்கைகளே! நம்மோடு ஒரே தெருவில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் கன்னடச் சகோதரர்களே, நிமகெல்லா நன்ன நமஸ்காரா! இந்த மேடையின் வலப்பக்கம், தன் பெயரைச் சொல்லிவிடப் போகிறார்களே என்று தலையைக் குனிந்து அமர்ந்திருக்கும் இன்றைய விழாவின் நாயகி, குடியாத்தம் தந்த குணவதி, பொறியாளர் சீதாலட்சுமி அவர்களே! அவர் அருகே அமர்ந்திருக்கும் அவருடைய மேலதிகாரி ஸ்ரீஹர்ஷா அவர்களே! அனைவருக்கும் இந்த அப்பாதுரையின் அன்பு வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். ஆம், அப்படித்தான். ஸ்டியரிங் உயரம் வேறு, மைக் உயரம் வேறு.

விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "அண்ணே, கம்ப்யூட்டர் இன்ஜினியருக்குப் பாராட்டு, நீங்கதான் பேசணும்" என்றார்கள். நான் கேட்டேன்: கம்ப்யூட்டருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? கியர் மாற்றத் தெரிந்தவனுக்குக் கீபோர்டு தெரியுமா? பிரேக் பிடித்தவனுக்குப் புரோகிராம் புரியுமா? ஆனால் அவர்கள் கூப்பிட்டது என் படிப்புக்காக அல்ல. சந்தானத்துக்காக.

யார் இந்தச் சந்தானம்? இளைஞர்களுக்குத் தெரியாது. எழுபத்தெட்டு முதல் தொண்ணூற்றிரண்டு வரை, பதினான்கு ஆண்டுகள், சிவாஜிநகரிலிருந்து நான் ஓட்டிய வண்டியில் கண்டக்டர் அவன். நான் அவன் முகத்தைப் பார்த்ததைவிட அவன் குரலைக் கேட்டதுதான் அதிகம். ஏனென்றால் என் கண் சாலையில், என் காது அவனிடத்தில். அப்பப்பா, அது என்ன குரல்! தமிழில் அதட்டும், கன்னடத்தில் கெஞ்சும், உருதுவில் கேலி செய்யும். நூறு பேர் நெருக்கியடிக்கும் வண்டியில், கடைசிப் படிக்கட்டில் தொங்குபவன் காதிலும் கணீரென்று விழும். அந்தக் குரல் "போலாம்" என்றால் போவேன். "நில்லு" என்றால் நிற்பேன். திரும்பிப் பார்த்ததே இல்லை.

அந்தக் குரலுக்குத்தான் வந்தது கேடு!

தொண்ணூற்றிரண்டில் அவன் கையிலிருந்து டிக்கெட் கட்டு நழுவி விழுந்தது. ஒருமுறை அல்ல, ஒரே நாளில் நான்கு முறை. டாக்டர்கள் ஊசி குத்திப் பார்த்தார்கள், கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் உண்மையைச் சொன்னார்கள். தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் நரம்பு நோய். கை போகும், கால் போகும், பிறகு குரலும் போகும். அறிவு மட்டும் அப்படியே இருக்கும். அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! எல்லாம் புரியும், எதையும் சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிபதி எழுதுவான்?

அப்போது வந்தான் இராஜமாணிக்கம். எங்கள் தெருக்காரன். ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். கம்ப்யூட்டர் என்ற சொல்லையே நாங்கள் சினிமாவில் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், தன் வீட்டு மேஜையில் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தவன். அவன் சொன்னான்: "சந்தானம், கொரலு போறதுக்கு முன்னால அத நாம புடிச்சு வச்சிடலாம்டா."

தொண்ணூற்று மூன்றில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். இராஜமாணிக்கத்தின் வீட்டில், ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய உட்கார்ந்திருந்தோம். ஒரு மைக்கின் முன்னால் சந்தானம். என்ன பேசுவது? ஒரு மனிதனுக்கு இனி வாழ்நாள் முழுவதும் என்னென்ன சொல்ல வேண்டியிருக்கும்? நீங்களே ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதினோம். முதல் வாக்கியம்: "தண்ணி குடு." இரண்டாவது: "திருப்பிப் படுக்க வை." மூன்றாவது, அவன் மனைவி ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டு: "ஜெயா, மூச்சு முட்டுது, ஓடி வா!" இந்த மூன்றாவதை மட்டும் இராஜமாணிக்கம் நான்கு முறை பேச வைத்தான். "இப்படிச் சொன்னா அவங்க நடந்து வருவாங்கடா, ஓடி வர்ற மாதிரி சொல்லு" என்றான்.

இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். பாதி தமிழ், மீதி கன்னடம். வாழ்த்து உண்டு, வசவு உண்டு. ஆமாம் தாய்மார்களே, வசவும் உண்டு! வாய் போன பிறகு கோபமும் போய்விடுமா என்ன?

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்து அந்தக் கம்ப்யூட்டர் திரையில் தமிழ் எழுத்து வராது. அதனால் இராஜமாணிக்கம் எழுதிய புரோகிராம் வெறும் எண்களை மட்டும் காட்டும். ஒரு வெளிச்சக் கட்டம் எண்களின்மேல் நகர்ந்துகொண்டே போகும். சந்தானத்தின் வலது கட்டைவிரலுக்கடியில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். வேண்டிய எண் வரும்போது அழுத்தினால், அந்த எண்ணுக்குரிய வாக்கியம் அவன் குரலிலேயே ஒலிக்கும். எந்த எண்ணுக்கு எந்த வாக்கியம் என்று ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஆறே மாதத்தில் சந்தானத்துக்கு அட்டை தேவைப்படவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டும் மனப்பாடம். பஸ் ஸ்டேஜ் பெயர்களையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னவன் அல்லவா!

எட்டு ஆண்டுகள், அன்பர்களே! எட்டு ஆண்டுகள் அந்த ஒற்றைக் கட்டைவிரலால் அவன் பேசினான், சிரிக்க வைத்தான், சண்டை போட்டான். நடுவே தொண்ணூற்றெட்டில் இராஜமாணிக்கம் மாரடைப்பில் மறைந்தான். அவன் எழுதிய புரோகிராமின் மூலப் பிரதி இருந்த பிளாப்பிகள் பூஞ்சை பிடித்துப் போயின. இனி அந்தப் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட எவராலும் மாற்ற முடியாது. இருப்பது இருக்கும் வரை ஓடும். அவ்வளவுதான்.

இப்போது கதை ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போகிறது. அங்கே ஒரு பழைய பங்களாவில் ஒரு சின்னக் கம்பெனி. அவர்கள் செய்தது 'அங்குரா' என்னும் ஆபரேட்டிங் சிஸ்டம். அதென்ன ஆபரேட்டிங் சிஸ்டம் என்று கேட்கிறீர்களா அம்மா? எனக்கும் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் திரையில் பார்க்கும் புரோகிராம்கள் எல்லாம் தனியாக எதையும் செய்வதில்லையாம். "இந்தக் கோப்பைத் திற", "இந்த ஒலியை எழுப்பு", "இங்கே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, பட்டியல் கொடு" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்குமாம். அது கேட்டதைச் செய்து கொடுக்குமாம். இராஜமாணிக்கத்தின் புரோகிராமும் அப்படித்தான் கேட்டது. "பட்டியல் கொடு" என்றது. அங்குரா கொடுத்தது. பட்டியலில் மூன்றாவதாக வந்த கோப்புதான் மூன்றாம் எண். நாற்பதாவதாக வந்ததுதான் நாற்பதாம் எண்.

இரண்டாயிரத்து ஒன்றில் சந்தானத்தின் பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், நல்ல மனிதர், வேறு கம்ப்யூட்டர் கொடுத்து, பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே மாற்றிப் போட்டார். கூடவே, புதிது நல்லதுதானே என்று, அப்போதுதான் முன்னோட்டமாக வந்திருந்த அங்குராவின் புதிய பதிப்பையும் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை பதினொரு மணி. ஜெயலக்ஷ்மி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்த சந்தானத்துக்குத் தொண்டையில் சளி அடைத்துக்கொண்டது. மூச்சு வரவில்லை. கட்டைவிரல் மூன்றாம் எண்ணை அழுத்தியது.

என்ன ஒலித்திருக்க வேண்டும்? "ஜெயா, மூச்சு முட்டுது, ஓடி வா!"

என்ன ஒலித்தது தெரியுமா? "நல்லா இருக்கேன், நீ போய் வேலையப் பாரு."

சிரிக்காதீர்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தீர்கள், தவறில்லை, கேட்டவுடன் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள்! கணவன் கதறுகிறான், குரலோ கவலைப்படாதே என்கிறது. அவன் உயிர் போகிறது என்கிறான், அவனுடைய சொந்தக் குரலே வேலையைப் பார் என்கிறது! ஜெயலக்ஷ்மியும், "சரிங்க" என்று பீன்ஸை நறுக்கினார். மறுபடி ஒலித்தது. "நல்லா இருக்கேன், நீ போய் வேலையப் பாரு." மறுபடி. மறுபடி. பதினொரு முறை!

பதினோராவது முறை கத்தியைக் கீழே போட்டார். இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, அவரே பிறகு என்னிடம் சொன்னார்: "அண்ணே, பதினோரு தபா நல்லா இருக்கேன்னு சொல்றவரு நல்லா இருக்க மாட்டாருன்னு மனசு அடிச்சிக்கிச்சு." ஓடினார். நீலம் பாரித்த முகத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் புரட்டி, முதுகில் தட்டி, சளியை எடுத்து, போகவிருந்த உயிரைப் பிடித்து நிறுத்தினார். இந்த வீரத் தாய்க்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்! இன்னும் பலமாக! அவருக்குக் கேட்க வேண்டும்!

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்? அழுதுகொண்டு உட்காரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காவலுக்கு வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் திறக்கும்போது திரையில் வரும் முகவரியைத் தாளில் எழுதிக்கொண்டு, அரை மணி நேரம் நடந்து அந்தப் பங்களாவுக்குப் போனார். காவலாளி, "யாரு பேகம்மா, யார் வேணும்?" என்றார். "யாரு செஞ்சாங்களோ அவுங்க வேணும்" என்றார் இவர்.

வெளியே வந்தவர் நம் சீதாலட்சுமி. அப்போது வயது இருபத்தேழு. ஜெயலக்ஷ்மி சொன்னார்: "ஏம்மா, உங்க கம்பெனி பொட்டி எங்க ஊட்டுக்காரரு பேச்சையே மாத்திடுச்சிம்மா. சாகறேன்னு சொன்னா நல்லா இருக்கேங்குது."

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? "புகாரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றிருப்பார்கள். இந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தே வந்தார். நான் அன்று அந்த வீட்டில் இருந்தேன். செய்தி கேட்டு ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வந்து உட்கார்ந்து, கீபோர்டில் ஏதோ தட்டினார். பட்டியல் வந்தது. பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இது நான் பண்ணது" என்றார்.

ஜெயலக்ஷ்மி திகைத்தார். "நீயா? நீ இன்னாத்துக்கும்மா பண்ணே?"

"பட்டியல் சீக்கிரமா வரணும்னு பண்ணேன்க்கா. மூணு மாசம் உக்காந்து பண்ணேன்."

"சீக்கிரமா வந்து இன்னா பிரயோஜனம்? தப்பால்ல வருது!"

ஆம் அன்பர்களே! ஆயிரம் ஆயிரம் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்குப் பட்டியல் பத்து மடங்கு வேகமாக வர வேண்டும் என்று, சீதாலட்சுமி அவர்களே முனைந்து, முயன்று, முடித்த வேலை அது. கம்பெனியே மெச்சிய வேலை. புதிய பதிப்பின் விளம்பரத் தாளில் முதல் வரியாக அச்சேறவிருந்த வேலை. வேகத்துக்காகக் கோப்புகளைத் தேடும் முறையை மாற்றியதில், அவை பட்டியலில் வரும் வரிசை மாறிவிட்டது. மூன்றாவதாக வந்தது முந்நூறாவதாகப் போனது. எங்கோ கிடந்தது மூன்றாவதாக வந்து உட்கார்ந்தது.

அன்று பிற்பகலே கம்பெனியிலிருந்து பழைய பதிப்பைக் கொண்டுவந்து ஏற்றினார். எண்கள் இடத்துக்கு வந்தன. சந்தானம் கட்டைவிரலை அழுத்தினான். எதைச் சொன்னான் தெரியுமா? அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே, "பின்னாடி எடம் இருக்கு, நகரு நகரு!" என்றான். செத்துப் பிழைத்த அன்றும் கேலி போகவில்லை அவனுக்கு! அந்தப் பெண் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். சந்தானம் பிழைத்தான், பழைய பதிப்பு கிடைத்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் சீதாலட்சுமி அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலை மேலதிகாரியின் அறைக்குப் போனார். ஸ்ரீஹர்ஷா அவர்கள் மேடையிலேயே இருக்கிறார். அவர் அனுமதி கொடுத்துத்தான் இதைச் சொல்கிறேன். "நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க அப்பாதுரை, மறைக்க வேண்டாம்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு என் தனி வணக்கம்.

"சீதா, மேன்யுவலைப் பாரு" என்றாராம் அவர். "பட்டியல் எந்த ஆர்டர்ல வேணா வரும்னு ஃபர்ஸ்ட் எடிஷன்லயே போட்டிருக்கோம். அத நம்பி எழுதினது அந்தப் புரோகிராம் எழுதினவரோட தப்பு. நம்மது இல்ல."

"தெரியும் சார். அந்தப் பக்கத்த ரெண்டாவது தடவ திருத்தினதே நான்தான். ஆனா எட்டு வருஷமா நாம ஒரே வரிசைலதான் குடுத்தோம். ஜனங்க மேன்யுவலப் படிக்கல சார். மெஷினப் பாத்துக் கத்துக்கிட்டாங்க."

"அவருக்குப் புது அட்டை எழுதிக் குடுத்தா ஆகாதா?"

"மூச்சு நிக்கறப்ப அட்டையப் பாத்துத் தேட முடியுமா சார்? அவரு வெரலுக்கே தெரியும், மூணு எங்க இருக்குன்னு."

"சரிம்மா, அவருக்குப் பழைய வர்ஷன் குடுத்தாச்சு. அவரு சேஃப். பிராப்ளம் முகீதல்லா, முடிஞ்சுதில்ல?"

அப்போது சீதாலட்சுமி அவர்கள் சொன்ன பதிலை, தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். "அந்த அக்கா வீடு பக்கத்துல இருந்துச்சு சார், நடந்து வந்தாங்க. தூரத்துல இருக்கறவங்க எப்படி சார் நடந்து வருவாங்க?"

என்ன கேள்வி! என்ன கேள்வி!

அவர் காப்பாற்ற நினைத்தது கண்ணெதிரே இருந்த சந்தானத்தை அல்ல. அவனைத்தான் காப்பாற்றியாகிவிட்டதே! அவர் நினைத்தது முகம் தெரியாதவர்களை, முகவரி தெரியாதவர்களை, இப்படி ஒரு பெண் தங்களுக்காக வாதாடுகிறாள் என்பதையே அறியாதவர்களை. யாருக்கு எதிராக வாதாடினார்? மேலதிகாரிக்கு எதிராகவா? இல்லை. தன்னுடைய மூன்று மாத உழைப்புக்கு எதிராக! தனக்கு வரவிருந்த பாராட்டுக்கு எதிராக!

ஸ்ரீஹர்ஷா அவர்கள் யோசித்தார். "ரெண்டு வாரம் தர்றேன். இன்னும் யாருக்கு உடையுதுன்னு காட்டு" என்றார்.

அங்குராவைப் பயன்படுத்துபவர்கள் நானூறு இடங்களில் இருந்தார்கள். நானூறு பேருக்கும் கடிதம் எழுதினார் சீதாலட்சுமி. "நீங்கள் அன்றாடம் ஓட்டும் புரோகிராமை ஒரு பிளாப்பியில் அனுப்புங்கள், எங்கள் செலவில் திருப்பி அனுப்புகிறோம்." அறுபத்து மூன்று பிளாப்பிகள் வந்தன. ஒவ்வொன்றையும் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்தார். ஒன்பது புரோகிராம்கள் உடைந்தன, அதாவது தாறுமாறாக ஓடின.

ஹாசன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். கிருஷ்ணப்பா என்று ஓர் ஆசிரியர் எழுதிய மணியடிக்கும் புரோகிராம். புதிய பதிப்பில் ஓட்டினால், காலை ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது! அங்கே சின்னப் பிள்ளைகள் கைதட்டுகிறீர்கள், தெரிகிறது. உங்கள் பள்ளிக்கு அது வராது, உட்காருங்கள். ஆனால் இன்னொன்றைக் கேளுங்கள். சேலத்தில் ஒரு சின்ன அச்சகம். கண் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களைப் புள்ளி எழுத்தில் அச்சிடுகிறவர்கள். அவர்களுடைய புரோகிராமில் பக்கங்கள் குலைந்து வந்தன. விரலால் தடவிப் படிக்கும் பிள்ளை, பத்தாம் பக்கத்துக்குப் பிறகு நூற்று நாற்பதாம் பக்கத்தைத் தடவினால், குற்றம் யார்மேல் என்று நினைக்கும்? கம்ப்யூட்டர்மேல் என்றா நினைக்கும்? தனக்குத்தான் புரியவில்லை என்று நினைக்கும்! தன்னைத்தான் மட்டம் என்று நினைக்கும்!

ஸ்ரீஹர்ஷா அவர்கள் அந்த ஒன்பதின் பட்டியலைப் பார்த்தார். வெளியீட்டுத் தேதியை அழித்தார். "எவ்வளவு நாள் வேணும்?" என்றார். "அஞ்சு வாரம்" என்றார் இவர்.

அந்த ஐந்து வாரத்தில் என்ன செய்தார்? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வேகத்தைத் தூக்கி எறியவில்லை. "பட்டியல் கொடு" என்று பழைய பெயரில் கேட்டால், பழைய வரிசையிலேயே கொடுக்கும். வேகம் வேண்டுபவர்கள் புதிய பெயரில் கேட்கட்டும், அவர்களுக்கு வேகமாக வரும். பழையவர்கள் எதையும் மாற்ற வேண்டாம், எதையும் கற்க வேண்டாம், அவர்களுக்கு எதுவும் தெரியவே வேண்டாம்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? மூன்றாவது வாரம் எட்டுப் புரோகிராம்கள் சரியாகிவிட்டன. சேலத்து அச்சகத்தினுடையது மட்டும் அப்போதும் உடைந்தது. ஏன்? தலையைப் பிய்த்துக்கொண்டார். ஈஜிபுராவில் ஒரே அறையில் தங்கியிருந்த தோழி தாரணி என்னிடம் சொன்னார், இவர் பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே இரண்டு முறை விட்டுவிட்டாராம். கடைசியில் கண்டுபிடித்தார். பழைய அங்குராவில் ஒரு கோணல் இருந்தது. ஒரு கோப்பை அழித்தால் பட்டியலில் அந்த இடம் காலியாகும், அடுத்து வரும் புதிய கோப்பு கடைசியில் போய் நிற்காமல் அந்தக் காலி இடத்தில் புகுந்துகொள்ளும். யாரோ எப்போதோ அவசரத்தில் விட்ட குறை. அந்த அச்சகத்துக்காரர்களோ, திருத்திய பக்கத்தைச் சேர்க்க அதையே வழியாக வைத்திருந்தார்கள்!

இவர் என்ன செய்தார்? "இது குறை, இதைக் காப்பாற்ற மாட்டேன்" என்றாரா? இல்லை. அந்தக் கோணலையும் கோணலாகவே, அணு பிசகாமல், புதிய பதிப்பில் கட்டிக் கொடுத்தார். தான் செய்யாத பிழையைத் தன் கையால் செதுக்கி வைத்தார், எங்கோ ஒரு பிள்ளையின் விரல் சரியான பக்கத்தைத் தொட வேண்டும் என்பதற்காக! விளம்பரத் தாள் அச்சுக்குப் போகும் முன் பார்வைக்கு வந்தபோது, 'பத்து மடங்கு வேகம்' என்ற முதல் வரியைத் தன் பேனாவாலேயே அடித்தார். ஏனென்றால் அது இனி எல்லோருக்கும் உண்மையல்ல.

வெளியிடும் முன் ஒரு சோதனை. ஒரு சனிக்கிழமை முற்பகல், ஸ்ரீஹர்ஷா அவர்களும் சீதாலட்சுமி அவர்களும் புதிய பதிப்போடு ஜீவனஹள்ளிக்கு வந்தார்கள். சந்தானத்தின் படுக்கையருகே ஓர் இரும்பு நாற்காலியில் மேலதிகாரி. சுவரில் அட்டை. நான் எண்ணைப் படிப்பேன், சந்தானம் அழுத்துவான், ஒலிப்பது சரியா என்று சீதாலட்சுமி அவர்கள் குறித்துக்கொள்வார். முந்நூற்றுப் பன்னிரண்டையும் பார்த்துவிடுவது என்று முடிவு. ஜெயலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டோம்: "அம்மா, இது சும்மா பரீட்சை, நீ உன் வேலையைப் பார்." அவர் வந்தவர்களுக்குக் காபி போட உள்ளே போனார்.

ஒன்று என்றேன். "தண்ணி குடு." சரி. இரண்டு என்றேன். "திருப்பிப் படுக்க வை." சரி. மூன்று என்றேன்.

"ஜெயா, மூச்சு முட்டுது, ஓடி வா!"

உள்ளே பாத்திரம் விழுந்தது. ஜெயலக்ஷ்மி ஓடி வந்தார். பரீட்சை என்று தெரியும். நாங்கள் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். தெரிந்தும் ஓடி வந்தார்! கையில் காபித் தூள், காலில் சுடுதண்ணீர் பட்ட சிவப்பு, வாசற்படியில் வந்து நின்று கணவனின் முகத்தையே பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

ஸ்ரீஹர்ஷா அவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சாரி அம்மா" என்றார். சீதாலட்சுமி அவர்களைத் திரும்பிப் பார்த்து, "இனிமே நம்ம எந்த ரிலீஸும், யூசருங்க அனுப்பின பழைய புரோகிராம் எல்லாத்தையும் ஓட்டிப் பாக்காம வெளிய போகாது. இது ரூல். எழுதிடு" என்றார். அன்று முந்நூற்றுப் பன்னிரண்டையும் கேட்டு முடிக்க மதியம் இரண்டு மணி ஆனது. அந்தக் குரலை முழுவதுமாக ஒரே மூச்சில் கேட்டது நானும் அன்றுதான். ஸ்டியரிங் இல்லாமல், சாலையைப் பார்க்காமல், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

அன்பர்களே! புதிய பதிப்பு நானூறு இடங்களுக்குப் போனது. அன்று என்ன நடந்தது? பத்திரிகையில் வந்ததா? பட்டாசு வெடித்தார்களா? பாராட்டிக் கடிதம் வந்ததா? ஒன்றுமில்லை! ஹாசனில் மணி அடித்த நேரத்தில் அடித்தது. சேலத்தில் பக்கம் வந்த வரிசையில் வந்தது. ஜீவனஹள்ளியில் ஒருவன் தண்ணீர் கேட்டான், தண்ணீர் கிடைத்தது. நானூறு ஊர்களில் எதுவுமே நடக்கவில்லை! எதுவுமே நடக்காமல் இருப்பதற்காக ஒரு பெண் ஐந்து வாரம் உழைத்தாள்! ஒருவருக்கும் தெரியாமல் உழைத்தாள்! தெரியாமல் இருப்பதே வெற்றி என்று தெரிந்தே உழைத்தாள்!

ஒன்றைக் கட்டியவர்களுக்கு மாலை போடுகிறோம். உடைத்தவர்களைக்கூட ஊர் பேசுகிறது. உடையாமல் பார்த்துக்கொண்டவர்களை யார் மேடையேற்றினார்கள்? ஜீவனஹள்ளி ஏற்றியிருக்கிறது! இந்த மன்றம் ஏற்றியிருக்கிறது! புதியது செய்யுங்கள் தம்பிகளே, வேகமாகச் செய்யுங்கள் தங்கைகளே, அது உங்கள் வயதுக்கு அழகு. ஆனால் மாற்றுவதற்கு முன்னால், அதன்மேல் யாருடைய விரல் இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!

சந்தானம் அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் இருந்தான். போன ஆகஸ்டில் ஒரு மதியம், மூன்று நாட்களாக மருந்தும் ஆகாரமும் இறங்காமல் இருந்தவன், கட்டைவிரலை மெல்ல அசைத்தான். வெளிச்சக் கட்டம் நகர்ந்து நகர்ந்து ஓர் எண்ணில் நின்றது. அறைக்குள் அவன் குரல் கேட்டது. இளமையான குரல், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் குரல்.

"ஜெயா, நீ சாப்ட்டியா?"

ஜெயலக்ஷ்மி சாப்பிட்டிருக்கவில்லை. "சாப்ட்டேங்க" என்றார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

கேட்க நினைத்ததை அவனால் கேட்க முடிந்தது. அந்தக் கேள்வி இடம் மாறாமல் இருந்தது. அதை அங்கேயே இருக்கச் செய்த சீதாலட்சுமி அவர்களே, என் நண்பன் சார்பில், அவன் மனைவி சார்பில், உங்களை அறியாத நானூறு ஊர்களின் சார்பில், இந்த ஓட்டுநரின் கைகள் உங்களைக் கும்பிடுகின்றன. தவறு தன்னுடையது என்று கண்டதும் எழுந்து நின்ற ஸ்ரீஹர்ஷா அவர்களுக்கும் என் வணக்கம்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் பார்த்துவிட்டேன். பேச வாய்ப்பளித்த மன்றத்தாருக்கும், வெயில் ஏறியும் வெளியேறாமல் கேட்ட தாய்மார்களுக்கும், பெரியவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீடுகளில் பொங்கலின் இனிப்பு ஆண்டு முழுவதும் தங்கட்டும். வணக்கம்.